சர்க்கரைப் பூ கிரீம் மேல் கரையாமல் நிற்க: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்து சுகர் பேஸ்ட்டில், அதாவது ஃபாண்டன்ட் போன்ற சர்க்கரைப் பிசைவில் செய்த பூவும் பொம்மையும் கிரீம் மேல் ஏறியதும் தளர்கின்றன, சாய்கின்றன, சாயம் விடுகின்றன. தண்ணீர் எந்த வழியாக வந்து சேருகிறது என்று பார்த்து அந்த வழியை அடைத்துவிட்டால் இவற்றில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதனால் பதில்களில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அடிக்கடி வரும்.

விப்பிங் கிரீம் பூசிய ஒரு கிலோ கேக்கில் ஃபாண்டன்ட் ரோஜாவும் வண்ணத்துப்பூச்சியும் வைத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் இறக்கைகள் தொங்கிவிட்டன. சிவப்புச் சாயம் வெள்ளைக் கிரீமில் இறங்கிவிட்டது. நான் வாங்கிய ஃபாண்டன்ட் தரம் குறைந்ததா?
வாசகி, பென்னாகரம்

ஃபாண்டன்ட் மேல் குறையில்லை. அதை வைத்த இடமும் நேரமும்தான் தவறு. விப்பிங் கிரீமில் பாதிக்கு மேல் தண்ணீர். சர்க்கரையோ பக்கத்தில் உள்ள ஈரத்தையெல்லாம் தன் பக்கம் இழுக்கும் குணம் கொண்டது. இரண்டும் ஒட்டியிருந்தால் கிரீமின் தண்ணீர் அலங்காரத்துக்குள் ஏறி, அடிப்பாகம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு கரையும். சாயமும் தண்ணீரில் கரைவதுதான் என்பதால் அதோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. ஒரு ராத்திரி என்பது இதற்குத் தாராளமான நேரம்.

ஃப்ரிட்ஜும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே ஈரப்பதம் அதிகம். அதிலிருந்து எடுத்த கேக்கை 30 டிகிரி வெப்பமுள்ள கூடத்தில் வைத்தால், குளிர்ந்த சர்க்கரை மேல் காற்றிலுள்ள ஈரம் முத்து முத்தாகப் படியும். அப்படிப் படிந்த ஈரமே மெல்லிய இதழ்களை மடக்கிவிடும்.

விப்பிங் கிரீம் கேக்கை அலங்காரம் இல்லாமலே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அலங்காரத்தை வெளியே உலர்ந்த அட்டைப் பெட்டியில் வைத்திருந்து, கேக் வெட்டுவதற்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் இருக்கும்போது ஏற்றுங்கள். ஆர்டர் கொடுத்தவர் முந்தின நாளே கேக்கை வாங்கிப்போவார் என்றால் அலங்காரத்தைத் தனிப் பெட்டியில் கொடுத்து, எந்தப் பூ எங்கே என்று ஒரு படமும் அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். சாயம் வழிந்த கேக்கைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முன்கூட்டியே வைத்தே ஆகவேண்டும் என்றால் நடுவில் ஒரு கொழுப்புத் திரை வேண்டும். வெள்ளைக் காம்பவுண்ட் சாக்லேட்டை (கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) உருக்குங்கள். மைக்ரோவேவில் முதலில் 30 விநாடி, பிறகு 15 விநாடி, 15 விநாடியாகக் கிளறிக் கிளறி உருக்கினால் கருகாது. நன்றாக உலர்ந்த அலங்காரத்தின் பின்புறத்திலும் விளிம்பிலும் பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசி, இறுகியதும் இன்னொரு முறை பூசுங்கள். ஒரு பூச்சில் ஊசிமுனை அளவு இடைவெளிகள் நின்றுவிடும், இரண்டாவது பூச்சு அவற்றை அடைக்கும். விளிம்பை விட்டால் அங்கேயிருந்து ஈரம் ஏறும். ரோஜா போன்ற கனமான பூவை, சாக்லேட்டில் செய்த சிறு வில்லை ஒன்றின் மேல் ஒட்டி, வில்லையோடு கிரீமில் வைப்பது இன்னும் பாதுகாப்பு. உருக்கும் கிண்ணமும் கரண்டியும் துளி ஈரமில்லாமல் இருக்கட்டும், தண்ணீர் பட்ட சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

திரை போட்டாலும் கீழிருந்து வரும் ஈரம்தான் தடைபடும். மேலே படியும் ஈரத்துக்கு அது மருந்தாகாது.

பாக்கெட்டில் வரும் ஃபாண்டன்ட்டிலேயே பூ செய்கிறேன். இரண்டு நாள் வைத்தாலும் அழுத்தினால் குழிகிறது. சி.எம்.சி. பவுடர் சேர்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது?
வாசகி, ஊத்தங்கரை

கேக்கின் மேல் போர்த்துவதற்காகச் செய்யப்படுவது ஃபாண்டன்ட். வெட்டும்போது நொறுங்காமல் மென்மையாக இருக்கவேண்டும் என்று அதில் கிளிசரினும் குளுக்கோஸ் பாகும் சேர்க்கிறார்கள். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைப்பது. அதனால் தனி ஃபாண்டன்ட் பூ மேலே தோல் கட்டினாலும் உள்ளே இளகியே இருக்கும். நிற்க வேண்டிய, விரிய வேண்டிய எதற்கும் கம் பேஸ்ட்தான் சரி, அதாவது சி.எம்.சி. சேர்த்துப் பிசைந்த, உலர்ந்தால் விறைக்கும் பேஸ்ட்.

சி.எம்.சி. என்பது கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ். பாக்கெட்டில் ஐ.என்.எஸ். 466 என்று போட்டிருக்கும். டைலோஸ் என்ற பெயரில் விற்பதையும் இதே வேலைக்கு இதே அளவில் பயன்படுத்தலாம். 250 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் மட்டமாக, அதாவது சுமார் 3 கிராம். மெல்லிய இதழுக்கும் மழைக்காலத்துக்கும் ஒன்றரை டீஸ்பூன் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் வடிவம் பிடிப்பதற்குள் மேல்தோல் காய்ந்து, மடிக்கிற இடத்தில் விரிசல் விடும்.

உள்ளங்கையில் அரை டீஸ்பூனுக்கும் குறைவாக வனஸ்பதி தடவிக்கொண்டு, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி ஐந்து நிமிடம் பிசையுங்கள். உடனே பூ செய்யத் தொடங்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். சி.எம்.சி. ஈரத்தை உறிஞ்சி வீங்கிப் பசையாக மாற அந்த நேரம் தேவை. வைத்து எடுத்ததும் பிடியில் இறுக்கம் தெரியும், இழுத்தால் அறுபடாமல் நீளும். இன்றைக்குச் செய்யும் அளவு போக மீதியை உறையிலேயே வைத்திருங்கள்.

வீட்டு மிக்ஸியில் அரைத்த சர்க்கரையைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் குருணை நிற்கும். குருணை இருக்கும் இடத்தில்தான் இதழ் கிழியும். மெல்லிய வேட்டித் துணியில் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தைப்பனியிலும் ஐப்பசி மழையிலும் எங்கள் ஊரில் நான்கு நாளானாலும் பொம்மை உலர்வதில்லை. வெயில் வந்த அன்றைக்கு மொட்டை மாடியில் வைத்தேன், நிறம் வெளுத்துப் பக்கவாட்டில் வெடித்துவிட்டது.
வாசகி, தேன்கனிக்கோட்டை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். குளிர்ந்த ஈரக்காற்றில் சர்க்கரை உலர அதிக நாள் எடுப்பது இயல்புதான். நேரடி வெயில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஊதா, இளஞ்சிவப்பு நிறங்கள் வெயிலில் முதலில் போகும். மேல்தோல் வேகமாகச் சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருப்பதால் வெடிக்கிறது.

உலர்த்தத் தேவை காற்றோட்டம், சூடு அல்ல. தட்டில் வைத்தால் அடிப்பாகம் மூச்சு முட்டும். கம்பி வலைத்தட்டு அல்லது பஞ்சு மெத்தை போன்ற ஸ்பாஞ்ச் மேல் கார்ன்ஃப்ளவர் மாவு லேசாகத் தூவி வைத்து, அரை நாளுக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். மின்விசிறி மிதமாக ஓடட்டும். ஏ.சி. உள்ள அறை கிடைத்தால் மழைக்காலத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது, ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. ஓ.டி.ஜி. எனும் சிறு மின் அவனை அணைத்துவிட்டு உள் விளக்கை மட்டும் எரியவிட்டு, கதவை ஓர் அங்குலம் திறந்து வைத்தும் உலர்த்தலாம். சமையல் நடக்கும் அறையிலும் துணி காயும் அறையிலும் வைக்காதீர்கள். இட்லிச் சட்டி ஆவி ஒரு வேளை பட்டால் போதும், இரண்டு நாள் உலர்ந்தது மறுபடி இளகும்.

மெல்லிய இதழ் நல்ல காற்றில் சில மணி நேரத்திலேயே விறைக்கும். 3 மில்லிமீட்டர் வில்லைக்கு ஒரு முழு நாள் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயரப் பொம்மைக்கு மூன்றிலிருந்து ஐந்து நாள், மழை என்றால் ஒரு வாரம். பொம்மையின் வயிற்றுப் பகுதியை முழுக்கப் பேஸ்ட்டால் உருட்டாமல், உப்பில்லாத பொரியை உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டில் பிசறி உருண்டை பிடித்து, இறுகிய பின் அதன் மேல் பேஸ்ட்டைப் போர்த்தினால் உலர்கிற கனம் குறையும், எடையும் குறையும். சாக்லேட் பொரி முழுவதும் படவேண்டும், இல்லையென்றால் பொரி நமத்துவிடும்.

சிவப்பு, கறுப்புப் பேஸ்ட் மட்டும் எப்போதும் கையில் ஒட்டுகிறது.
வாசகர், மத்தூர்

அழுத்தமான நிறத்துக்குச் சாயம் நிறையப் போகிறது, சாயத்தோடு தண்ணீரும் போகிறது. திரவச் சாயத்தை விட்டுவிட்டு ஜெல் சாயமோ தூள் சாயமோ எடுங்கள். முதல் நாளே நிறம் சேர்த்து உறையில் வைத்தால், ஒரு ராத்திரியில் நிறம் தானாகவே ஒரு படி கருக்கும், பாதிச் சாயம் மிச்சம். சி.எம்.சி.யைச் சாயம் சேர்த்த பிறகு போடுங்கள். கறுப்புக்கு முதலில் கொக்கோ பவுடர் பிசைந்து காப்பி நிறமாக்கிவிட்டால் கறுப்புச் சாயம் கொஞ்சமே போதும். மினுமினுப்புத் தூள் வாங்கும்போது ‘உண்ணத்தக்கது’ என்று எழுதி 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நச்சில்லாதது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது கைவினைப் பொருள், கேக்குக்கு ஆகாது.

சித்திரை வெயிலில் பட்டர் கிரீம் கேக்கின் பக்கவாட்டில் ஒட்டிய இலைகளும் எழுத்துகளும் மெல்ல மெல்லக் கீழே இறங்குகின்றன. தண்ணீர் தொட்டு ஒட்டினாலும் நிற்கவில்லை.
வாசகி, கிருஷ்ணகிரி

பட்டர் கிரீமில் தண்ணீர் குறைவு, கொழுப்பு அதிகம். அதனால் சர்க்கரை அலங்காரத்துக்கு அது நல்ல தளம்தான். உங்கள் கேக்கில் வெண்ணெய் வெப்பத்தில் இளகுகிறது. 28 டிகிரியைத் தாண்டினாலே வெண்ணெய் குழையும், 32க்கு மேல் உருகத் தொடங்கும். கொழுப்பின் மேல் தண்ணீர் பிடிக்காது, ஆகவே தண்ணீர் தொட்டு ஒட்டுவது வீண். அலங்காரத்தின் முதுகைக் கரைத்துச் சறுக்கலை அது இன்னும் கூட்டுகிறது.

மாசி முதல் வைகாசி வரை வெண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு வெஜிடபிள் ஷார்ட்னிங் எனும் கெட்டித் தாவரக் கொழுப்பைச் சேருங்கள். பூசிய கேக்கை 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுக்கி, அலங்காரத்தின் முதுகில் மிளகளவு பட்டர் கிரீமோ உருக்கிய சாக்லேட்டோ தொட்டு அழுத்தி, பத்து விநாடி பிடித்திருங்கள். பக்கவாட்டுக்குப் போகும் துண்டு 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. அது முழுக்க விறைத்திருக்கவும் கூடாது. கேக்கின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளையும் பதத்தில், வெட்டி அரை மணி நேரத்துக்குள் ஒட்டினால் முழுப் பரப்பும் படியும். தட்டையாக விறைத்த இலை நடுவில் மட்டும் தொட்டு, இரண்டு ஓரமும் தூக்கி நிற்கும்.

அலங்காரம் அதிகமுள்ள கோடைகால ஆர்டர்களுக்கு, சாக்லேட்டும் கிரீமும் சேர்த்துச் செய்யும் கனாஷ் பூசுவதையே பரிந்துரைக்கிறோம். கறுப்புச் சாக்லேட் இரண்டு பங்குக்குக் கிரீம் ஒரு பங்கு என்பது சாதாரண அளவு. சித்திரையில் இரண்டரைப் பங்கு. வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்கிலிருந்து மூன்றரை. இறுகிய கனாஷ் சுவர்போல் நிற்கும், உருக்கிய சாக்லேட்டால் ஒட்டியது அசையாது.

சர்க்கரையோடு சர்க்கரை ஒட்ட எது நல்லது? பசை கடையில் வாங்க வேண்டுமா?
வாசகி, பாப்பாரப்பட்டி

வாங்கத் தேவையில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் 30 மில்லியில் கால் டீஸ்பூன் சி.எம்.சி.யைத் தூவி மூடி வையுங்கள். முதலில் கட்டி கட்டியாக மிதக்கும், கலக்கிப் போராட வேண்டாம். ராத்திரி முழுக்க விட்டால் தெளிந்த பசையாகிவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். பிரஷ் நுனியால் தொட்டு, கொஞ்சம் பிசுபிசுப்பு ஏறும்வரை அரை நிமிடம் காத்திருந்து ஒட்டுங்கள். அதிகம் தடவினால் வழுக்கும். இரண்டு துண்டும் காய்ந்து விறைத்துவிட்டால் இந்தப் பசை போதாது. பேஸ்ட்டில் ஒரு சிட்டிகை எடுத்து இதே பசையில் குழைத்து, களிம்பு பதத்தில் நடுவில் வைத்து ஒட்டவேண்டும். உடைந்த இதழையும் இப்படியே சேர்க்கலாம்.

‘5’ என்ற எண்ணும் யானை பொம்மையும் நிற்பதுபோல் வைத்தேன். எண் முன்பக்கம் சாய்ந்தது. யானை கேக்குக்குள் இறங்கிவிட்டது.
வாசகர், அரூர்

எண்ணுக்கு வேர் இல்லை, யானைக்கு மேடை இல்லை.

எண்ணை 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டி, பேஸ்ட் மென்மையாக இருக்கும்போதே அடியிலிருந்து மூங்கில் குச்சியைப் பசை தொட்டுச் செருகுங்கள். எண்ணின் உயரத்தில் பாதி வரைக்காவது குச்சி உள்ளே போகவேண்டும். வெளியே ஆறு சென்டிமீட்டர் நிற்கட்டும். படுக்கவைத்துத் திருப்பித் திருப்பி மூன்று நாள் உலர்த்துங்கள். உலர்ந்த பேஸ்ட்டில் குச்சியைக் குத்தினால் பிளந்துகொள்ளும். கேக்குக்குள் போகும் குச்சிப் பகுதியை உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுங்கள். மரக்குச்சி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், எண் அடியிலிருந்து இளகுவதற்கு அதுவே காரணம். எண்ணின் அடி கிரீமைத் தொடாமல் இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி வையுங்கள்.

யானை 150 கிராமுக்கு மேல் என்றால் மென்மையான ஸ்பாஞ்சும் கிரீமும் தாங்காது. பொம்மையின் அடியளவுக்கு அட்டை வில்லை வெட்டி, பட்டர் பேப்பர் சுற்றி, உருக்கிய சாக்லேட்டால் பொம்மையை அதில் ஒட்டுங்கள். வில்லை உட்காரும் இடத்தில் தடித்த ஸ்ட்ரா மூன்றை முக்கோணமாக அடித்தட்டு வரை இறக்கி, கேக்கின் மேல்மட்டத்துக்குச் சமமாக வெட்டிவிடுங்கள். எடை ஸ்ட்ரா வழியாகத் தட்டுக்குப் போய்விடும், கேக் சுமக்காது. தலை, தும்பிக்கையை உடம்போடு சேர்க்க வேகாத ஸ்பெகட்டித் துண்டு போதும். குழந்தைகள் சாப்பிடும் பொம்மைக்குள் பல்குத்தும் குச்சியை ஒளித்து வைக்காதீர்கள். கம்பியில் கட்டிய பூவின் கம்பியை நேராகக் கேக்கில் குத்தவும் கூடாது. ஒரு ஸ்ட்ராவை முதலில் இறக்கி, அதன் வாயில் கொஞ்சம் பேஸ்ட் அடைத்து, அதற்குள் கம்பியைச் செருகுங்கள். எத்தனை குச்சி, எத்தனை ஸ்ட்ரா உள்ளே இருக்கிறது என்று பெட்டி மேல் எழுதிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

சுத்த சைவ வீட்டு ஆர்டர். முட்டையும் ஜெலட்டினும் இல்லாமல் கம் பேஸ்ட் வருமா?
வாசகி, பாலக்கோடு

வரும், விறைப்பிலும் குறையில்லை. ஐசிங் சுகர் 250 கிராம், சி.எம்.சி. 2 டீஸ்பூன், திரவ குளுக்கோஸ் 2 டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 35 மில்லி, வனஸ்பதி அரை டீஸ்பூன். சர்க்கரையில் கால்வாசியை எடுத்து வைத்துவிட்டு, மீதியோடு சி.எம்.சி.யைக் கலந்து, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். முதலில் ஒட்டும். உறையில் சுற்றி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் மீதிச் சர்க்கரையில் தேவையானதைச் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமான பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கடை ஃபாண்டன்ட் வாங்கினால் பச்சைப் புள்ளி மட்டும் பார்க்காமல் சேர்மானத்தையும் படியுங்கள். ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுப்பது. சைவ வகைகளில் அதற்குப் பதிலாகத் தாவரப் பிசினோ அகர் அகரோ போட்டிருப்பார்கள்.

தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்குக் கேக் போகவேண்டும். அலங்காரத்தோடு அனுப்பலாமா?
வாசகி, தருமபுரி

கனாஷோ பட்டர் கிரீமோ என்றால் தட்டையான, பக்கவாட்டு அலங்காரங்களோடு அனுப்பலாம். நிற்கிற பொம்மையையும் கம்பிப் பூவையும் கழற்றித் தனியாக அனுப்புங்கள். தொப்பூர் இறக்கத்தில் வண்டி அடிக்கடி பிரேக் போடும், மேலே நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் முன்பக்கம் தள்ளப்படும். கேக் பெட்டி இருக்கையில் அல்ல, கால் வைக்கும் சமதளத்தில் வழுக்காத விரிப்பின் மேல் இருக்கட்டும். இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். ஏ.சி.யைக் கேக் ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்க அவசரப்படாதீர்கள். குளிர்ந்த கேக் மூடிய பெட்டிக்குள்ளேயே அறை வெப்பத்துக்கு வந்தால் ஈரம் பெட்டியின் வெளிப்புறத்தில் படியும், அட்டையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பட்டர் கிரீமுக்கும் கனாஷுக்கும் முக்கால் மணி நேரம் வரை இப்படி விடலாம். விப்பிங் கிரீமுக்கு அவ்வளவு பொறுமை ஆகாது, அதை வெட்டும் நேரத்தை ஒட்டித்தான் கொண்டுபோகவேண்டும். அலங்காரத்தின் மேல் ஈரம் படிந்துவிட்டால் துடைக்காதீர்கள், தொட்ட இடத்தில் தடம் விழும். விசிறிக் காற்று படும்படி விட்டால் அதுவாகக் காயும்.

சர்க்கரை ரோஜா எதற்கு, ஓசூரில்தான் நல்ல ரோஜா கிடைக்கிறதே? அதையே வைத்தால் என்ன?
வாசகர், ஓசூர்

ஓசூர்ப் பசுமைக்குடில் ரோஜா பார்வைக்கு எந்தச் சர்க்கரைப் பூவையும் தோற்கடிக்கும். ஆனால் கொய்மலருக்காக வளர்ப்பதால் அதற்கு அடிக்கும் பூச்சிமருந்து, உணவுப் பயிருக்கு அடிப்பதுபோல் கணக்குப் பார்த்து அடிப்பதல்ல. கழுவினாலும் முழுதும் போகாது. கிரீமில் படும்படி வைக்கவே கூடாது. கேக் தட்டின் ஓரத்தில், கேக்கைத் தொடாமல் வைத்து அழகு பார்க்கலாம். மேலே வேண்டுமென்றால் சர்க்கரைப் பூதான்.

மீந்த பூக்களை எத்தனை நாள் வைக்கலாம்? எறும்பு வருகிறதே.
வாசகி, காவேரிப்பட்டணம்

முழுக்க விறைத்த கம் பேஸ்ட் பூ பல மாதம் தாங்கும். உள்ளே ஈரம் இருக்கும்போதே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் மறுபடி இளகிவிடும், பூசணமும் பிடிக்கலாம். அதனால் முதல் ஒரு வாரம் அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு இருட்டான அலமாரியில் வையுங்கள். பூவுக்குப் பூ டிஷ்யூ தாள் வைத்தால் இதழ் உரசி உடையாது. ஃப்ரிட்ஜ் வேண்டாம். எறும்புக்கு, உலரும் வலைத்தட்டைக் கிண்ணங்களின் மேல் தூக்கி வைத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு உணவு உலரும் மேசையில் வேண்டாம், அந்தத் தூள் நஞ்சு. விசிறிக் காற்றில் பறந்து பூ மேலேயே படியும்.